நிறம் போன பிறகு

(கல்லூரி வேதியியல் மன்றத்தில், மாணவர்கள், சாயப்பட்டறையினர், நொய்யல் கரை விவசாயிகள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதியியல் துறையினர் எனக்குக் கொடுத்த தலைப்பு நீளமானது. கனிம வினையூக்கிகளைக் கொண்டு, ஒளியாலும் மின்சாரத்தாலும், கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்வது. திருப்பூர்ப் பக்கத்தில் இதைப் பேசினால் கேட்பவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: சாயத்தண்ணீரைத் தெளிய வைக்க முடியுமா? முடியும். அதற்குப் பல வழிகள் உண்டு. சில வழிகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் தெளிந்துபோன தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டதா என்பது வேறு கேள்வி. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

மேசைமேல் இருக்கும் இந்தக் குடுவையைப் பாருங்கள். தண்ணீர், கொஞ்சம் காஸ்டிக் சோடா, கொஞ்சம் குளுக்கோஸ், சில சொட்டு மெத்திலீன் நீலம். அவ்வளவுதான். நான் மேடை ஏறியபோது நீலமாக இருந்தது. இப்போது வெறும் தண்ணீர் போலத் தெளிந்து நிற்கிறது. மூடியை இறுக்கி நான்கு தடவை குலுக்குகிறேன். பார்த்தீர்களா? நீலம் அப்படியே திரும்பிவிட்டது. மறுபடி வைத்தால் மறுபடி தெளியும், குலுக்கினால் மறுபடி நீலமாகும். வேதியியல் மாணவர்களுக்கு இது பழைய செய்முறை. குளுக்கோஸ் மெத்திலீன் நீலத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. குலுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து, பழைய வடிவத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. தெளிந்திருந்த நேரம் முழுவதும் சாயத்தின் மூலக்கூறு குடுவைக்குள்ளேயேதான் இருந்தது. நம் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

எல்லாச் சாயமும் இப்படித் திரும்பி வராது. திரும்பி வராததால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது. நம் பட்டறைகளில் ஓடும் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்க, இருபக்கமும் பென்சீன் வளையங்கள் தொங்கும். அந்த இரட்டைப் பிணைப்பு அறுந்தால் நிறம் போய்விடும். ஆனால் வளையங்கள் எங்கே போகும்? சூழ்நிலையைப் பொறுத்து அவை அரோமாட்டிக் அமீன்களாகத் தண்ணீரில் மிதக்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அத்தகைய அமீன்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை செய்தது. ஏற்றுமதிக்குத் துணி அனுப்பும் எல்லோருக்கும் இது தெரிந்த கதை. துணியில் எதற்கு அஞ்சினோமோ, நிறம் போன தண்ணீரிலும் அதையேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே வேலை முடிந்ததற்கு அடையாளம் நிறம் போவது அன்று. மூலக்கூறிலுள்ள கரி முழுவதும் கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் தண்ணீராகவும், நைட்ரஜனும் கந்தகமும் எளிய உப்புகளாகவும் மாற வேண்டும். இதை முழுக் கனிமமாக்கல் என்கிறோம். மாணவர்கள் நிறமானியில் ஒரு அலைநீளத்தை வைத்து, ‘98 சதவீதம் சிதைந்தது’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். மொத்தக் கரிமக் கரியை அளந்து பார்த்தால் பல நேரங்களில் அதில் பாதிகூடக் குறைந்திருக்காது.

முழுதாக எரிப்பதற்குத் தண்ணீருக்குள்ளேயே ஒரு நெருப்பு வேண்டும். அந்த நெருப்புதான் ஹைட்ராக்சில் தனியுறுப்பு. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான். குளோரினின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 1.36 வோல்ட். ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 1.78, ஓசோனுக்கு 2.07. ஹைட்ராக்சிலுக்கோ ஏறக்குறைய 2.8. எதிரே வரும் கரிம மூலக்கூறு எதுவானாலும் அதிலிருந்து ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ பறிக்கும், அல்லது வளையத்தோடு தானே ஒட்டிக்கொண்டு அதைத் திறக்கும். ஆயுள் மட்டும் மிகக் குறைவு. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தூரம் போவதற்குள் எதையாவது பிடித்து முடிந்துபோகும். அதனால் இதைச் செய்து டிரம்மில் அடைத்து வைக்க முடியாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் கணத்தில் பிறப்பிக்க வேண்டும். வினையூக்கிகளின் கதை அங்கே தொடங்குகிறது.

பழைய வழி இரும்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபென்டன் 1894இல் டார்டாரிக் அமிலத்தை இரும்பு உப்பையும் பெராக்சைடையும் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார். இன்றும் பல சுத்திகரிப்பு நிலையங்களில் ஃபென்டன் முறை உண்டு. பி.எச். மூன்றுக்கு அருகில் வைக்க அமிலம் ஊற்ற வேண்டும், பிறகு சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்க வேண்டும். முடிவில் இரும்புச் சேறு மலைபோல் மிஞ்சும். அந்தச் சேற்றை மூட்டை கட்டி எங்கே வைப்பது என்று தவிக்கிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அதனால் அதை விட்டு, ஒளிக்கு வருகிறேன்.

வீட்டுச் சுவரில் பல வருடம் வெயில் பட்ட வெள்ளைப் பெயின்ட்டைக் கையால் தேய்த்தால் மாவு ஒட்டும். பெயின்டர்கள் சுண்ணாம்பு பூத்துவிட்டது என்பார்கள். அந்த வெண்மைக்குக் காரணமான பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலில் அது தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே அரித்துவிடுகிறது. பெயின்ட் தொழிலுக்கு இது பெரிய தலைவலி. அதனால்தான் இன்று அந்த வெள்ளைத் துகளுக்குச் சிலிக்காவும் அலுமினாவும் பூசி அதன் வேகத்தை அடக்குகிறார்கள். 1938இலேயே லண்டனில் குட்ஈவ், கிட்செனர் என்ற இருவர், டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் சாயம் வெளிறுவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனம் திரும்பியது டோக்கியோவில். 1960களின் பிற்பகுதியில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தை மின்வாயாகத் தண்ணீரில் வைத்து அதன்மேல் செனான் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தின் மேற்பரப்பிலிருந்து ஆக்சிஜன் குமிழி எழுந்தது. பிளாட்டினம் மின்வாயில் ஹைட்ரஜன். 1972இல் ‘நேச்சர்’ இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் உலகமே இந்த வெள்ளைப் பொடியின் பின்னால் ஓடியது. எரிபொருள் கனவு எளிதில் கைகூடவில்லை. ஆனால் 1976இல் கனடாவில் கேரி குழுவினர் பி.சி.பி. என்ற கொடிய குளோரின் சேர்மங்களை இதே பொடியாலும் ஒளியாலும் சிதைத்தார்கள். 1977இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் இருவரும் சயனைடை ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். ஆற்றலுக்காகத் தொடங்கிய துறை மாசு நீக்கத்துக்குத் திரும்பியது இப்படித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? அனட்டேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் மேல்பட்டைக்குத் தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். அந்தத் துளை மேற்பரப்பிலுள்ள தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கினால் ஹைட்ராக்சில் பிறக்கும். மேலே போன எலக்ட்ரானைக் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் தொட்டியில் காற்றை ஊதுகிறோம். வாங்க ஆள் இல்லாவிட்டால் எலக்ட்ரானும் துளையும் ஒன்றோடொன்று சேர்ந்து, பெற்ற ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். பிறக்கும் ஜோடிகளில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான்.

பொடிக்கு நமக்குப் பஞ்சமில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். வெயிலுக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் ஒவ்வொரு சாயப்பட்டறைக் கூரையிலும் இது இல்லை? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. அதில் இந்தப் பொடிக்குப் பயன்படும் புற ஊதா ஒளி 40, 50 வாட்தான். நாளுக்கு ஆறு மணி நேரம் நல்ல வெயில் என்று வைத்தால், சதுர மீட்டருக்குக் கிடைப்பது மூன்று மோல் அளவு ஒளித்துகள்கள். நூற்றில் ஒரு துகள் உருப்படியான வேலை செய்தால் அதுவே நல்ல பலன். இனி, ஒரு கிலோ சி.ஓ.டி.யை, அதாவது எரிக்க ஒரு கிலோ ஆக்சிஜன் தேவைப்படும் அளவு மாசை, நீக்க 125 மோல் எலக்ட்ரான்களைப் பறித்தாக வேண்டும். வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பு வேண்டும். கரைந்த ஆக்சிஜனும் வேலையில் பங்கெடுக்கும் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அரை ஏக்கர். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள கழிவுநீர் என்றால் ஒரு கிலோ என்பது வெறும் ஆயிரம் லிட்டர். நடுத்தரமான பட்டறையே நாளுக்குப் பல லட்சம் லிட்டர் வெளியேற்றும்.

இதோடு, கருநீலச் சாயக்கழிவில் புற ஊதா ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. சாயமே ஒளியைக் குடித்துவிடும். நம் பக்கத்து உவர்நீரிலுள்ள பைகார்பனேட் ஹைட்ராக்சிலை வழிமறித்துத் தின்றுவிடும். என் முடிவைத் திறந்தே சொல்கிறேன்: பட்டறையின் முழுக் கழிவையும் சூரிய ஒளியும் டைட்டானியம் டை ஆக்சைடும் சுத்தம் செய்யும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதே பொடி தனக்குரிய இடத்தில் அற்புதமாக வேலை செய்யும். 2001இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் பூசிய ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழுக்கின் கரிமப் பகுதியை வெயில் அரிக்கும், மழை கழுவிவிடும். ரோமில் 2003இல் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்சுவர்கள் இதே பொருள் கலந்த சிமென்ட்டால் ஆனவை. அங்கெல்லாம் மாசு மிகக் குறைவு, மெல்லிய படலம், அவசரமும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் எஞ்சும் பூச்சிமருந்து போன்றவற்றுக்கும் இது பொருந்தக்கூடிய முறை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் வினையூக்கி கண்டுபிடித்தோம் என்று மெத்திலீன் நீலத்தை வெளுக்க வைத்துக் காட்டும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. மெத்திலீன் நீலமே அந்த ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளும். வினையூக்கி சும்மா இருந்தாலும் சாயம் வெளுக்கும். இந்தச் சோதனைக்கு அது ஏற்ற பொருள்தானா என்று ஜப்பானின் ஒதானி குழுவினர் 2006இலேயே கேட்டுவிட்டார்கள். கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ஃபீனாலையோ ஃபார்மிக் அமிலத்தையோ எடுத்துச் செய்யுங்கள். நிறமில்லாத பொருளில் கண் ஏமாற வழியில்லை.

இனி மின்சாரம். ஒளியில் இருந்த ஆழம், நிறம் என்ற தடைகள் இங்கே இல்லை. நேர்மின்வாயின் மேற்பரப்பில் தண்ணீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சிலைப் பிறப்பிக்கலாம். ஆனால் அந்த மின்வாய் எதனால் ஆனது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் கொம்னினெல்லிஸ் 1994இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய மின்வாய்கள் பிறந்த ஹைட்ராக்சிலை இறுகப் பிடித்துத் தங்கள் ஆக்சைடுக்குள் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜனேற்றம் பாதி வழியில் நின்றுவிடும். வெள்ளீய ஆக்சைடு, காரீய டை ஆக்சைடு, போரான் கலந்த வைரம் ஆகியவை பிடியைத் தளர்த்தி வைத்திருக்கும். ஹைட்ராக்சில் விடுபட்டுக் கரிமத்தை முழுதாக எரிக்கும். போரான் வைர மின்வாய்தான் இன்றைக்குச் சிறந்தது, விலையும் அதற்கேற்ப அதிகம். காரீயம் மலிவு, ஆனால் காரீயம் கரைந்து தண்ணீரில் கலக்கும் அபாயம் உண்டு. அதை ஆற்றோரத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த மின்வாய்களின் வேதியியல் நமக்கு அந்நியமானது இல்லை. 1948இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், டைட்டானியத்தின்மேல் ஆக்சைடு பூசிய மின்வாய்களில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள், கேளுங்கள்.

செலவு எவ்வளவு? ஒரு ஃபீனால் மூலக்கூறு முழுதாகக் கரியமில வாயுவாக 28 எலக்ட்ரான்களை இழக்க வேண்டும். ஃபாரடேயின் விதிப்படி கணக்கிட்டால், ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 3,350 ஆம்பியர்-மணி. கலத்தில் ஐந்து வோல்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 17 யூனிட். ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாத நிலையில் இது. நடைமுறையில் மாசு குறையக் குறைய மின்வாயை வந்தடையும் மூலக்கூறுகளும் குறையும். மின்சாரம் ஆக்சிஜன் குமிழி விடுவதிலேயே போகும், யூனிட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதி அதே ஒரு கிலோவை நீக்க ஒன்றிரண்டு யூனிட் போதும். ஆகையால் உயிரிகள் தின்னக்கூடியதை உயிரிகளுக்கே விட்டுவிட வேண்டும். அவை தின்ன மறுப்பதால் ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டலின் கழிவில் திரண்டு நிற்கும் பகுதிக்கு மட்டும் மின்சாரத்தைக் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆர்.ஓ. கழிவில் உப்பு மிகுதி. உப்பு இருந்தால் மின்சாரம் எளிதில் ஓடும், வோல்ட்டேஜ் குறையும். இது நல்ல செய்தி. அந்த உப்பு சாதாரண உப்பாக இருந்தால் நேர்மின்வாயில் குளோரின் பிறக்கும். இது கெட்ட செய்தி. பத்து நிமிடத்தில் நிறம் பறந்துவிடும். இயந்திரம் விற்பவர் கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டுவார். உள்ளே கரிமச் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து, முன்பிருந்ததைவிட நச்சான பொருள்கள் உருவாகியிருக்கும். வைர மின்வாய் வைத்தால் குளோரைடு ஒருபடி மேலே போய்க் குளோரேட்டாகவும் பெர்குளோரேட்டாகவும் மாறும். பெர்குளோரேட் தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். சாயமிடும்போது சாதாரண உப்புக்குப் பதிலாகக் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட் போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வைர மின்வாயில் சல்ஃபேட்டிலிருந்து பெர்சல்ஃபேட் பிறந்து, அதுவும் கரிமத்தை எரிக்க உதவும். சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியில் என்ன நடக்கும் என்பதை, சாய மாஸ்டர் எந்த மூட்டையைப் பிரிக்கிறார் என்பதே பாதி தீர்மானித்துவிடுகிறது. இதைப் பட்டறைகள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒளியானாலும் மின்சாரமானாலும் ஆக்சிஜனேற்றம் உப்பை ஒரு கிராம்கூடக் குறைக்காது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குட்டையாகி, அணைத் தண்ணீர் வேண்டாம் என்று பாசனக்காரர்களே சொல்லும் நிலை வந்ததே, அந்த நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு உண்டு. நிறமில்லாத உப்பு. உயர் நீதிமன்றம் 2006இல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்றதும், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இந்தப் பின்னணியில்தான். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி. ஆக்சிஜனேற்றம் அவற்றுக்குத் துணையாகும். ஆர்.ஓ. கழிவிலுள்ள கரிமத்தை எரித்துவிட்டால் அடுத்த படிச் சவ்வுகள் சீக்கிரம் அடைபடாது, திரும்பக் கிடைக்கும் உப்பு வெண்மையாக இருக்கும், அதை மறுபடி சாயத்தொட்டியில் போடலாம். இந்த வினையூக்கிகளுக்கு இங்கே இருக்கும் நியாயமான வேலை அதுதான். அது சிறிய வேலை இல்லை.

பட்டறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை யாராவது ஒளிவினையூக்கி, மின் ஆக்சிஜனேற்றம் என்று புதிய இயந்திரத்தோடு வந்து, தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் நீட்டினால், குவளையை மேசைமேல் வைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். மொத்தக் கரிமக் கரி எவ்வளவு குறைந்தது? குளோரின் ஏறிய கரிமம், ஏ.ஓ.எக்ஸ்., எவ்வளவு கூடியது? ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு எத்தனை யூனிட்? மின்வாய் எத்தனை மாதம் தாங்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சி.ஓ.டி. மதிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு கிராம் குளோரைடே 0.226 கிராம் சி.ஓ.டி.யாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். சோதனையில் மெர்குரிக் சல்ஃபேட் போட்டு அதை அடக்கினார்களா என்று கேளுங்கள்.

மாணவர்களே, இந்தச் சோதனைகளைச் செய்து கொடுக்க உங்கள் ஆய்வகத்தால் முடியும். பட்டறைக்காரர் கேனில் மாதிரி கொண்டுவந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். அளந்து, வந்த எண்ணை வந்தபடியே எழுதிக் கொடுங்கள்.